கூழ்ப்பானையைச் சுற்றி எத்தனை பேர்?

ஜூலை 9, காலை — யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

"பிள்ளைகள் மூவரும் வெளியே போய்விட்டார்கள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். போன ஞாயிறு ஒடியற்கூழ் குடிக்க ஆசை வந்தது. இரண்டு பேருக்காகப் பானை ஏற்றுவது வீண் வேலை, கடையில் இரண்டு கோப்பை வாங்கிவாருங்கள் என்று மனைவி சொல்லிவிட்டார். வாங்கிவந்தேன். குறை சொல்ல முடியாத கூழ். ஆனாலும் கூழ் குடித்த மாதிரி இல்லை. இரண்டு பேருக்கு அளவாகக் காய்ச்ச யாருக்காவது தெரியுமா? மா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?"

ஜூலை 9, இரவு

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் இந்தக் கூழுக்கு இரண்டு பேருக்கான அளவு எனக்குத் தெரியாது. என் மாமிக்கும் தெரிந்திருக்காது. ஒரு நண்டு, ஒரு கை இறால், ஒரு மீன் தலை, ஒரு பிடி பயிற்றங்காய், நாலைந்து பலாக்கொட்டை, ஒரு துண்டு மரவள்ளி, ஒரு பிடி கீரை, ஒரு பிடி அரிசி: இவ்வளவையும் பானைக்குள் போட்டாலே இரண்டு வயிற்றைத் தாண்டிவிடும். நண்டில்லாமல் காய்ச்சலாம், பலாக்கொட்டை இல்லாமல் காய்ச்சலாம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது புளித்தண்ணீரும் மாவும்தான்.

குடித்த மாதிரி இல்லை என்றீர்களே, அதைத்தான் பேச வேண்டும். கொக்குவிலில் எங்கள் வீட்டில் கூழ் என்று முடிவானால் காலையிலிருந்தே வீட்டின் நடமாட்டம் மாறிவிடும். மாமா சைக்கிளில் பாசையூருக்குப் போய் மீனும் நண்டும் பார்த்து வாங்கிவருவார். மச்சாள் விறாந்தையில் சுளகோடு உட்கார்ந்து கீரை ஆய்வார். பலாக்கொட்டை உரிப்பது சிறுவர்களின் வேலை. அம்மியடியை மட்டும் மாமி யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார், செத்தல் மிளகாய் அவர் கையால்தான் அரைபட வேண்டும். மாலையில் பானை இறங்கும் முன்பே அத்தனை பேரும் அந்தக் கூழுக்குச் சொந்தக்காரர்கள். கடைக் கோப்பையில் நண்டு இருக்கும். இந்த அரை நாள் இருக்காது.

ஜூலை 10

மாவை அப்படியே போட்டுக் காய்ச்சினேன், கசந்துவிட்டது என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருக்காகக் கொஞ்சம் விரிவாக.

ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைத் தோல் உரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலில் காய வைத்தது. அவிக்காமல் காய்ந்ததால் அதன் கயர்ப்பு மாவிலும் இருக்கும். ஆகவே மாவை நிறையத் தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மா அடியில் படியும், மேலே நிற்கும் நிறம் மாறிய தண்ணீரைச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். நான் காலையில் கரைத்து வைத்து மாலைக்குள் தண்ணீரை மாற்றிவிடுவேன்.

இன்னொருவர் புழுக்கொடியல் மாவும் இதுவும் ஒன்றுதான், எதைப் போட்டாலும் சரி என்கிறார். சரியில்லை. புழுக்கொடியல் அவித்துக் காய வைத்தது. அதைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னலாம், மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்துத் தின்னலாம். கூழுக்கு ஒடியல் மாதான் வேண்டும்.

இனிப் பானை. பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் முதலில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய். இவை அரைவாசி வெந்த பிறகு மீன் தலை, நண்டு, இறால். மஞ்சளோடு அரைத்த செத்தல் மிளகாயும் உப்பும் அப்போதே. எல்லாம் வெந்துவிட்டது என்று தெரிந்த பின்புதான் மா. ஊறிய மாவைப் பழப்புளிக் கரைசலில் கட்டியில்லாமல் கரைத்து, ஒருவர் ஊற்ற மற்றவர் அகப்பையால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கீரை கடைசியில். கூழ் அகப்பையில் ஒட்டி மெதுவாக வழிந்தால் இறக்கிவிடலாம். எங்கள் வீட்டில் பத்துப் பேருக்குக் கால் கிலோ மா போடுவோம்.

ஒருவர் ஊற்ற மற்றவர் துழாவ என்று எழுதும்போதே கவனித்தேன், தனி ஆள் காய்ச்சினால் இந்த இடத்தில்தான் திண்டாட வேண்டும்.

ஜூலை 11

புளியைப் பற்றிச் சண்டை தொடங்கியிருக்கிறது. வடமராட்சிக்காரர் ஒருவர் கூடப் புளி விடச் சொல்கிறார், தீவகத்து அக்கா ஒருவர் உறைப்புத்தான் முன்னுக்கு நிற்க வேண்டும் என்கிறார். நான் தீவகத்து அக்காவின் பக்கம். கூழ் குடித்தால் நெற்றி வியர்க்க வேண்டும், மூக்கு ஒழுக வேண்டும், நடுவே தேங்காய்ச் சொட்டு ஒன்றைக் கடித்து நாக்கை ஆற்றிக்கொண்டு மறுபடி குடிக்க வேண்டும்.

ஜூலை 13

பிளாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! பச்சைப் பனையோலையை மடித்துக் கோலிக் கட்டுவதுதான் பிளா. கொதிக்கக் கொதிக்கக் கூழை அதில் வார்த்தால் ஓலையின் மணம் கூழில் இறங்கும். ஓலை கிடைக்காத நாளில் பலாவிலையை மடித்து ஈர்க்கால் குத்தி எடுப்போம், அது கரண்டியாகும். இப்போது எல்லா வீட்டிலும் பீங்கான் கோப்பைதான், எங்கள் வீட்டிலும் பெரும்பாலும் அதுதான்.

பிளாவைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சரிந்துவிடும். குடித்து முடிக்கும் வரை கையில்தான். அதனால் பிளா கையில் இருக்கும்போது யாரும் எழுந்து தொலைக்காட்சிக்குப் போனதில்லை, கைப்பேசியை எடுத்ததில்லை. இருக்கிற இடத்தில் இருந்து, முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டியதுதான். முற்றத்தில் வட்டமாக இருந்து குடித்த மாலைகளில் எங்கள் வீட்டின் பெரிய முடிவுகள் பல எடுக்கப்பட்டன. தங்கையின் கலியாணப் பேச்சு அப்படித்தான் முற்றானது. வீட்டுக்கு ஓடு போடும் செலவும் அப்படித்தான் பங்கு பிரிந்தது.

நண்டு கையில் இருக்கும்போது மட்டும் பேச்சு நிற்கும். நண்டுக்கால் உடைப்பவரிடம் எந்த மருமகனும் காசு கேட்கக் கூடாது.

ஜூலை 14

ஒரு தம்பி கேட்கிறார்: முன்பு வீட்டில் ஆட்கள் அதிகம், அதனால் பெரிய பானை, இப்போது ஆட்கள் குறைவு, அதனால் சிறிய கோப்பை, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டிலும் எல்லா நாளும் பத்துப் பேர் இருந்ததில்லை. பானை பெரிதாக இருந்ததற்கு வேலியும் ஒரு காரணம்.

நான் பிறந்தது உடுவில். எங்கள் வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக, அதாவது உயிர்வேலித் தடிகளாக, நின்றன. இடையில் பனையோலை அடைத்திருப்போம். ஓலை உக்கினால் மறுபடி வேலியடைப்பு. கதியாலில் வெட்டும் குழை ஆட்டுக்கும் போகும், தோட்டத்து மண்ணுக்கும் போகும். வேலிக்காக வழக்குப் பேசியவர்களும் உண்டு, எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காத குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அதே வேலியில்தான் பொட்டும் இருந்தது. ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. பெண்களும் பிள்ளைகளும் கோழிகளும் அதனால் போய்வருவார்கள். தெருவுக்குப் போய்ப் படலையைத் திறந்து அடுத்த வீட்டுக்குப் போவது விருந்தாளியின் வேலை. உப்புக் கேட்கவும் நெருப்பு எடுக்கவும் பொட்டுத்தான்.

கூழ் அந்தப் பொட்டால் போகும். மூடிய சட்டியில் முதற்கூழ் அடுத்த வீட்டு அம்மம்மாவுக்கு. சட்டி வெறுமையாகத் திரும்பி வராது. நாலு முருங்கைக்காயோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கைப்பிடி அரிசியோ இருக்கும்.

இப்போது மதில். ஆளுயர மதில், அதன் மேல் கண்ணாடித் துண்டு. களவுக்குப் பயந்து கட்டினார்கள், பிள்ளைகள் அனுப்பிய காசில் கட்டினார்கள், வேலியடைக்க ஆளும் ஓலையும் கிடைக்காமல் கட்டினார்கள். ஒருவரையும் குறை சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டுக்கும் மதில்தான். மதிலில் பொட்டு வைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருநெல்வேலி ஐயா, நீங்களும் உங்கள் மனைவியும் இருவர்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர்?

ஜூலை 15

ஐயாவின் பதில்: "அந்தப் பக்கமும் இருவர்தான். அவர்களும் வயதானவர்கள். மகன் கனடாவில்."

அப்படியானால் நான்கு பேர். நான்கு பேருக்குக் கூழ் காய்ச்சலாம்.

ஜூலை 17

இன்று ஆடிப்பிறப்பு. விடியவே எழுந்து தேங்காய் துருவினேன். ஒடியற்கூழைப் பேசிப் பேசி இந்தக் கூழை மறந்துவிடப் போகிறோம். ஆடிக்கூழ் இனிப்பு. வறுத்த பயறு, பச்சரிசி மா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு. மாவைப் பிசைந்து சின்னச் சின்னத் தட்டைகளாக உருட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேக வைக்க வேண்டும். கூடவே கொழுக்கட்டை, அதன் உள்ளே பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும். சுவாமிக்குப் படைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். சின்ன வயதில் அந்தக் கால் மணி நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

என் மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். இன்று அவளுக்கு விடுமுறை இல்லை. இரவுப் பஸ்ஸில் அனுப்பலாமா என்று கேட்டேன், கூழ் புளித்துவிடும், கொழுக்கட்டை மட்டும் அனுப்புங்கள் என்றாள். கொழுக்கட்டையை வாழையிலையில் சுற்றிப் பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பிள்ளை. போன முறை முக்கால்வாசியையும் அந்தப் பிள்ளைதான் சாப்பிட்டதாம். அதனால் இந்த முறை இரண்டு பங்கு.

ஜூலை 18

"கூழ் கொண்டாட்ட உணவு என்று எழுதாதீர்கள், பஞ்சத்து உணவு அது" என்று ஒரு பெரியவர் கோபித்திருக்கிறார். இரண்டுமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் வலிகாமத்திலிருந்து நாங்கள் எல்லோரும் புறப்பட்டோம். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் ஆட்களால் அடைபட்டு, ஓரடி நகர ஒரு யுகம் ஆனது. மழை வேறு. விடிந்து எத்தனையோ நேரத்துக்குப் பிறகு மட்டுவிலில் ஒரு வீட்டு விறாந்தை கிடைத்தது. முன்பின் தெரியாதவர்கள். ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. அந்த வீட்டு ஆச்சியிடம் போன மாசியில் இடித்த ஒடியல் மா ஒரு பெட்டி இருந்தது. மீன் இல்லை, நண்டைப் பற்றி நினைக்கவே இடமில்லை. மரவள்ளி, முருங்கை இலை, ஒரு துண்டுக் கருவாடு. அதைக் காய்ச்சி விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் ஊற்றினார். யாருக்கு எவ்வளவு என்று ஆச்சி பார்க்கவில்லை, பானையில் தண்ணீர் கூட்டி இன்னும் இரண்டு பேருக்கு வரும்படி செய்தார். சோறு என்றால் எண்ணிப் போட வேண்டும். கூழில் தண்ணீர் விடலாம். பஞ்சத்துக்கும் இடப்பெயர்வுக்கும் கூழ் உதவியது இதனால்தான்.

அடுத்த ஆண்டு சித்திரை கழிந்து நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பினோம். ஆச்சி தந்துவிட்ட மா ஒரு பொதி என் கையில் இருந்தது. அதை அடுப்படித் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கை வைக்க மனம் வரவில்லை. கடைசியில் மாமிதான் எடுத்துக் காய்ச்சினார். வைத்திருந்தால் பூச்சி பிடிக்கும், ஆச்சி தந்தது குடிக்கத்தானே என்றார்.

ஜூலை 19

நேற்று எழுதியதோடு 2022 பொருளாதார நெருக்கடியையும் சேர்க்கிறேன். எரிவாயு சிலிண்டர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கொழும்பிலும் இங்கேயும் வரிசை. பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். காவோலையும் பனம்மட்டையும் ஊமலும் எரித்தோம். எண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் நின்றதால் மீன் விலை எட்டவில்லை. மின்சாரம் இல்லாத இரவுகளில் ஒழுங்கை முழுவதும் வாசலில்தான். அப்போது காய்ச்சிய மரக்கறிக் கூழை எதிர்வீட்டுப் பொடியன் இன்றும் கேட்கிறான். சிலிண்டர் வந்ததும் எல்லோரும் அவரவர் குசினிக்குள் போய்விட்டோம்.

ஜூலை 23

நோர்வேயிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியதைப் படித்தபின் இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. அவர் அங்கே தனியாக இருக்கிறார். தாய் பருத்தித்துறையிலிருந்து அனுப்பிய மா, கடையில் வாங்கிய உறைந்த இறாலும் மீனும், சின்ன அலுமினியச் சட்டி. கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுக் காய்ச்சுவாராம். திரையில் தாய். "நிறம் காணாது, இன்னும் கொஞ்சம் மிளகாய் போடு", "துழாவு, கையை நிறுத்தாதே" என்று அங்கிருந்தே அதட்டுவாராம். கூழ் இறங்கியதும் தாயும் அங்கே தேநீர் எடுத்துவந்து முன்னால் உட்காருவாராம்.

நான் முதல் நாள் பானையின் அளவைப் பிடித்துக்கொண்டு பேசினேன். இந்தத் தங்கச்சியின் சட்டியில் தாயின் கை விழுந்திருக்கிறது. அதைக் கூழில்லை என்று சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆள் எண்ணிக்கையைவிட, காய்ச்சும்போது பக்கத்தில் ஒருவர் குறுக்கே பேசுவதுதான் எனக்கு இப்போது முக்கியமாகத் தெரிகிறது.

அதனால் நேற்றுச் சிறிய சட்டியில் நானே காய்ச்சிப் பார்த்தேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி மா, குவியாமல். புளி ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. சின்ன நண்டு ஒன்றை நாலாக உடைத்தது, இறால் ஒரு கை, மரவள்ளி ஒரு துண்டு, பயிற்றங்காய் ஐந்தாறு, கீரை ஒரு பிடி. அரிசி இரண்டு கரண்டி. வற்றிய பிறகு மூன்று பேருக்குத் தாராளம். கணவர் இரண்டு தரம் குடித்தார், மிஞ்சியது மதிலுக்கு மேலால் போனது. ஏணி தேவைப்பட்டது, ஆனாலும் போனது.

ஓகஸ்ட் 2

கனடாவிலும் லண்டனிலும் இருந்து பிள்ளைகள் வரும் காலம் இது. பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வருகின்றன. பேரப்பிள்ளைகள் விமானத்திலிருந்து இறங்கும்போதே "அம்மம்மா, நண்டுக் கூழ்" என்பார்கள். கொடியேறி 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, கிடையாது. வாசலில் வேட்டி உடுத்தி, தலையில் ஈரத்தோடு கோயிலுக்குப் போகும் ஆட்கள். தெருவெல்லாம் கற்பூர மணம். அதற்குள் நண்டை எப்படி உடைப்பது?

பிள்ளைகள் சமாதானமாகச் சைவக் கூழ் குடிக்கிறார்கள். சைவக் கூழைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பலாக்கொட்டையைத் தாராளமாகப் போட்டு, கத்தரிக்காயும் வாழைக்காயும் முருங்கை இலையும் சேர்த்து, கடைசியில் மிளகைத் தட்டிப் போட்டால் அதற்கென்று ஒரு சுவை வரும். சின்னவன் முதல் நாள் முகத்தைத் திருப்பினான், மூன்றாம் நாள் பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

ஓகஸ்ட் 24

தேர், தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் முடிந்தன. நேற்றுக் காலை மருமகனைக் குருநகருக்கு அனுப்பினேன். அவர் கனடாவில் பிறந்து வளர்ந்தவர், நண்டு வாங்கத் தெரியாது. மீன்காரப் பெண்மணியே நல்ல கனமுள்ளதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, வெறும் கோதாக இருப்பதை எப்படித் தூக்கிப் பார்த்து அறிவது என்றும் காட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் அதைச் செய்து காட்டினார். பின்வளவில் மூன்று கல் அடுப்பு. மகள் மிளகாய் அரைத்தாள், நான் அம்மியை விட்டுக்கொடுத்தேன். பேத்தி துழாவினாள். ஓலை வெட்ட ஆள் கிடைத்ததால் பிளாவும் கட்டினோம். இரண்டு பிள்ளைகளுக்கு உறைப்புத் தாங்கவில்லை, தேங்காய்ச் சொட்டு முழுவதையும் அவர்களே தின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகும் குடித்தார்கள்.

ஓகஸ்ட் 30

பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. அடுப்படி முழுவதும் பனங்காய்ப் பணியாரத்தின் மணம். பழத்தைப் பிசைந்து களி எடுத்த பிறகு கொட்டைகளை எறிய வேண்டாம் என்று ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். ஒடியல் மா கடையில் வாங்கிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பின்வளவில் மண் தளர்வான பக்கத்தில் பாத்தி போடப்போகிறேன். விதையை நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். தையில் கிண்டலாம். கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான் என்னும் மெத்தென்ற பருப்பும் கிடைக்கும், அது சிறுவர்களுக்கு. கிழங்கில் பாதி அவித்துத் தின்ன, மீதி ஒடியலுக்கு. விதை எல்லா வீட்டினதும், ஆகவே பங்கும் எல்லா வீட்டுக்கும்.

மண் கொத்த ஆள் வேண்டும், எனக்கு முதுகு தாங்காது. கொக்குவில் பக்கம் இருப்பவர்கள் வரும் ஞாயிறு காலை மண்வெட்டியோடு வாருங்கள், பணியாரமும் தேநீரும் இருக்கும்.